நிற்காத நிலையங்கள்

கொடிமலைக்குப் போய் வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் வரிசையில நின்னீங்க?" என்பதுதான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், பள்ளி விடுமுறையாக இருந்தால் அதற்கும் மேலே என்று பதில் வரும். பிறகு மேலே குளிராக இருந்ததா, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை படம் எடுத்தீர்கள் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரயில் பயணம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு அதிகமில்லை. ஏறி நின்றால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உச்சி வந்துவிடுகிறது.

ஓர் இரயில் பாதையின் வீழ்ச்சி என்றால் நம் மனக்கண்ணில் தோன்றுவது துருப்பிடித்த தண்டவாளமும் புல் முளைத்த நிலையமும்தான். பினாங்குக் கொடிமலை இரயிலுக்கு அந்த நிலை வரவில்லை. ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்த மலைக்கு வந்து போயிருக்கின்றனர். பெட்டிகள் நிரம்பி வழிகின்றன. ஆயினும் இந்த இரயில் ஒரு வகையில் வீழ்ந்துவிட்டது என்றே நான் சொல்வேன். ஒரு மலையின் போக்குவரத்தாகப் பிறந்தது, இன்று ஒரு காட்சிமேடைக்கு ஆள் ஏற்றும் மின்தூக்கியாகச் சுருங்கிவிட்டது. அது எப்படிச் சுருங்கியது, அதனால் நமக்கு என்ன நட்டம், இனி என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் பதித்த சில ஆண்டுகளிலேயே மலைக்கு ஒற்றையடிப் பாதை வெட்டப்பட்டது. கடற்கரையின் வெப்பமும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைக்காரர்களுக்குக் கொடிமலை ஓர் ஆரோக்கியத் தலமாயிற்று. அதிகாரிகளும் வணிகர்களும் அங்கே பங்களாக்கள் கட்டினர். ஆங்கிலேயர் இப்பக்கத்தில் உருவாக்கிய மலைவாசத் தலங்களில் இதுவே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. ஆனால் மேலே போவது எப்படி? வசதி படைத்தவர்கள் குதிரையில் போனார்கள், அல்லது டோலியில் உட்கார்ந்து போனார்கள். அந்த டோலிகளைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறிய கூலிகளில் நம்மவர்களும் இருந்தனர். இந்தச் செய்தியைக் கட்டுரையின் முடிவில் மீண்டும் நினைவுபடுத்துகிறேன்.

மலைக்கு இரயில் விடும் முதல் முயற்சி 1897-இல் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் இழுத்தடித்து, தொழில்நுட்பக் கோளாறுகளால் அது பயனில்லாமல் போனது. 1909-இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் புதிய திட்டம் தீட்டியது. கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆர்னல்ட் ஜான்சன் பாதையை வடிவமைத்தார். செலவு 15 இலட்சம் நீரிணை டாலர். 1923 அக்டோபர் 21-ஆம் நாள் பொதுமக்கள் ஏறத் தொடங்கினர். 1924 ஜனவரி முதல் நாள் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லமார்ட் அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைத்தார். முதல் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பேர் பயணம் செய்தனர். கூடவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டை முடிச்சுகளும் ஏறின. இந்த மூட்டைக் கணக்கு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவன் மூட்டையோடு போவதில்லை. மலையில் தங்கியவர்களுக்கும் மலையில் வாழ்ந்தவர்களுக்கும் அந்த இரயில் ஓடியது என்பதற்கு அதுவே சான்று.

இந்த இரயில் ஓடும் விதத்தையும் சொல்ல வேண்டும். இதற்கு இழுவை எஞ்சின் கிடையாது. கிணற்று இராட்டினத்தில் கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி இறங்கும்போது மற்றது ஏறும். அதுபோலவே ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். கீழே வரும் பெட்டியின் எடை மேலே போகும் பெட்டியைத் தூக்க உதவுகிறது. எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டும் மின்மோட்டார் ஈடுகட்டினால் போதும். தண்டவாளம் ஒன்றுதான். நட்டநடுவில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, இரு பெட்டிகளும் ஒன்றையொன்று கடக்க வழிவிடுகிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் இப்படிப்பட்ட அமைப்புகள் முன்பு இரண்டு இருந்தன. ஆயர் ஈத்தாமில் ஏறுபவர் பாதி மலையில் நடு நிலையத்தில் இறங்கி, மேல்பகுதிக்கான பெட்டியில் மாறி ஏற வேண்டும். உச்சியை அடைய அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் மலை இருந்தது. வழியில் பாலங்களும் 79 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கமும் உண்டு. கிளேர்மோண்ட், மோனியோட் சாலை, மேம்பாலம் எனச் சிறுசிறு நிறுத்தங்களும் உண்டு. பங்களா வேலைக்குப் போகிறவர், தோட்டத்துக்காரர், மலையில் வீடு உள்ளவர் ஆகியோர் அங்கங்கே இறங்கினர். நடு நிலையத்தில் பெட்டி மாறும்போது எல்லாரும் சற்று நேரம் ஒன்றாக நிற்க வேண்டியிருந்தது. கீழே இருந்ததைவிடக் காற்று குளிர்ந்திருப்பதை அங்கேதான் உடம்பு உணரும். மலை என்பது அடிவாரம், நடு, உச்சி என்று படிப்படியாக மாறும் ஒன்று என்பதை அந்தப் பயணம் சொல்லாமல் சொன்னது.

1977-இல் முதல் மரப்பெட்டிகள் ஓய்வு பெற்றன. தானியங்கிக் கதவும் மின்விசிறியும் உள்ள சிவப்புப் பெட்டிகள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. பலருக்கும் நினைவில் நிற்பது அந்தச் சிவப்பு இரயில்தான். நம் பெற்றோர் பலரின் பழைய படத் தொகுப்புகளைப் புரட்டினால், அந்தப் பெட்டியின் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றாவது கிடைக்கும். ஆனால் சுற்றுலா பெருகப் பெருக, அன்றைய கூட்டத்துக்குத் தைத்த சட்டை இன்றைய உடம்புக்குப் போதாமல் போயிற்று. வரிசை நீண்டது. 2000-ஆம் ஆண்டுகளில் பழுதுகளும் அடிக்கடி ஏற்பட்டன. 2010 பிப்ரவரி 22-ஆம் நாள் சேவை நிறுத்தப்பட்டது. 6 கோடியே 30 இலட்சம் ரிங்கிட் செலவில் பாதை புதுப்பிக்கப்பட்டு, 2011 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டு பகுதிகளும் ஒன்றாயின. நூறு பேர் ஏறக்கூடிய பெரிய பெட்டிகள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நேராகப் போகின்றன. நடு நிலையத்தில் மாறி ஏற வேண்டிய அவசியம் போய்விட்டது. இடையிலுள்ள நிறுத்தங்கள் மலைவாசிகளின் தேவைக்கு என்றாகிவிட்டன. சுற்றுப்பயணிக்கு அவை கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் பெயர்ப்பலகைகள்.

பழையதெல்லாம் பொன் என்று பாட்டுப் பாட நான் வரவில்லை. பழுதாகி நடுவழியில் நிற்கும் பெட்டிக்குள் குழந்தையோடு மாட்டிக்கொண்டவரிடம் போய்ப் பாரம்பரியத்தின் அருமையைப் பேச முடியாது. செங்குத்தான சரிவில் கம்பிவடத்தை நம்பி ஓடும் வண்டிக்குப் பாதுகாப்புதான் முதல் தேவை. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பெட்டி மாறாமல் உச்சிக்குப் போக முடிவது சிறிய நன்மையல்ல. ஆகவே 2010-இல் பழைய இயந்திரங்களை மாற்றியது சரியான முடிவே. என் கேள்வி வேறு. இயந்திரத்தை மாற்றும்போது பயணத்தின் நோக்கத்தையும் ஏன் மாற்றினோம்?

உலகில் பழைய மலை இரயில்களுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் தெளிவாகும். சில செத்துப்போயின. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகே தாடியஸ் லோ என்பவர் 1893-இல் திறந்த மவுண்ட் லோ இரயில் ஓர் எடுத்துக்காட்டு. அதிலும் நம் கொடிமலையைப் போலவே கம்பிவடத்தில் ஏறும் செங்குத்தான பகுதி ஒன்று உண்டு. மலைமேல் தங்கும் விடுதிகளும் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே லோவின் கைக்காசு கரைந்து, பாதை கைமாறியது. விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீக்கிரையாயின. மோட்டார் வண்டி வந்த பிறகு மக்களுக்கு வேறு இடங்கள் கிடைத்தன. 1938-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தோடு கதை முடிந்தது. இன்று மலை ஏறுவோர் அங்கே கற்களையும் அடித்தளங்களையும் பார்த்துவிட்டு வருகின்றனர். வேடிக்கை பார்க்க வருபவர்களை மட்டுமே நம்பிய இரயிலுக்கு, வேடிக்கை சலித்ததும் வேறு ஆதரவு இல்லாமல் போயிற்று.

சில இரயில்கள் பழைய உருவத்திலேயே காப்பாற்றப்பட்டன. தமிழ்நாட்டு நீலகிரி மலை இரயிலைத் தெரியாத தமிழர் குறைவு. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கியது. இது கம்பிவடத்தில் ஓடுவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை பதித்திருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அதன் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்களும் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்தே வந்தன. 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் சேவை நின்றுவிடும். அதே தூரத்தைப் பேருந்து வெகு விரைவில் கடந்துவிடும். இத்தனை குறை இருந்தும் 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே ஏறுகிறவர்கள் ஊட்டிக்குப் போவதற்காக மட்டும் ஏறுவதில்லை. போகும் வழிக்காக ஏறுகிறார்கள். நிலையங்களில் இறங்கி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதை வேடிக்கை பார்த்து, மீண்டும் ஏறுகிறார்கள்.

நம் கொடிமலைக்கு வாய்த்தது மூன்றாவது கதி. அது சாகவும் இல்லை. பழையபடி காக்கப்படவும் இல்லை. உள்ளே இருந்ததை எல்லாம் மாற்றிவிட்டு அதே பெயரில் தொடர்கிறது. பழைய பெட்டிகள் காட்சிப் பொருளாகிவிட்டன. பெட்டியைப் பார்க்கலாம், அந்தப் பெட்டி தந்த பயணத்தைப் பார்க்க முடியாது.

"அதனால் என்ன? மேலே போனால் போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 1990-இல் ஒரு தனியார் நிறுவனம் கொடிமலையில் விடுதிகளும் கேளிக்கை வசதிகளும் கொண்ட பெரிய மேம்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தது. பினாங்கு மக்கள் கொதித்தெழுந்தனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம் மலேசியா போன்ற இயக்கங்களும் கொடிமலை நண்பர்கள் என்ற குழுவினரும் எதிர்த்தனர். அந்தத் திட்டம் நினைத்தபடி நிறைவேறவில்லை. அன்று குரல் கொடுத்தவர்கள் அந்த மலையில் நடந்தவர்கள்; நடு நிலையத்தில் நின்றவர்கள்; எந்த வளைவில் எந்த ஓடை ஓடுகிறது என்று அறிந்தவர்கள். தெரிந்த மலைக்காகத்தான் மனிதன் போராடுவான்.

ஐந்து நிமிடத்தில் உச்சிக்குப் போய், ஒரே முற்றத்தில் நின்று படம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும் தலைமுறைக்குக் கொடிமலை என்பது ஒரு காட்சிமேடையும் சில கடைகளும்தான். நடுவில் இருக்கும் காடு அவர்களுக்குத் தெரியாது. 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. அந்தச் சிறப்பு உச்சியிலுள்ள கடைகளுக்குக் கிடைத்ததன்று; காட்டுக்குக் கிடைத்தது. வரும் கூட்டத்தில் பெரும்பகுதியோ அந்தக் காட்டைக் கண்ணாடி வழியே வேகமாகக் கடந்துவிடுகிறது. 2017 நவம்பர் பெருமழையில் மலையில் மண்சரிவுகள் ஏற்பட்டபோது, மலை தாங்கும் சுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து உச்சிக்குக் கேபிள் கார் அமைக்கும் திட்டமும் இப்போது சேர்ந்திருக்கிறது. உச்சிக்கு இன்னும் அதிகமானோரை இன்னும் விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்றே யோசிக்கிறோம். வந்தவர்களை மலையோடு பழக வைப்பது எப்படி என்று யோசிப்பவர்கள் குறைவு. நாளை மற்றொரு 1990 வந்தால், எதிர்த்துக் குரல் கொடுக்க மலையை அறிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

இழந்ததில் கொஞ்சத்தையாவது மீட்க முடியும் என்று நான் நம்புகிறேன். அதற்குப் புதிய தண்டவாளம் தேவையில்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று ஓட்டங்களை மட்டும் மெதுவோட்டமாக அறிவிக்கலாம். கூட்டம் குறைந்த வார நாள் காலைகளில் அதைத் தொடங்கலாம். அந்த ஓட்டம் நடு நிலையத்திலும் மற்ற நிறுத்தங்களிலும் நின்று போகட்டும். விரும்பியவர் நடு நிலையத்தில் இறங்கி, வழிகாட்டியோடு காட்டுப்பாதையில் நடந்து, அடுத்த மெதுவோட்டத்தில் ஏறட்டும். பழைய கம்பிவட இயந்திரம் எப்படி இயங்கியது என்பதை அந்த இடத்திலேயே விளக்கட்டும். பள்ளி மாணவர் குழுக்களுக்கு இந்த ஓட்டத்தையே முதன்மையாக ஒதுக்கலாம்.

இதற்கு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். இரு பெட்டிகளும் ஒரே வடத்தில் கட்டப்பட்டிருப்பதால், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். கீழே வரிசை இன்னும் நீளும். வருமானம் குறையும். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் மைகாட் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், வரிசையில் நிற்க மனமில்லாதவருக்கு விரைவுத் தடக் கட்டணம் என்று வகைவகையாக ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்களுக்கு இதுவும் முடியாத காரியமல்ல. அவசரப்படுபவருக்காக ஒரு தடம் திறக்க முடிந்தால், அவசரப்படாதவருக்காகவும் ஒன்று திறக்கலாம்.

இனி நம்மவர்களைப் பற்றி. இந்த இரயிலின் வரலாற்றில் பொறியாளர் ஜான்சனின் பெயர் இருக்கிறது. ஆளுநர் கில்லமார்டின் பெயர் இருக்கிறது. இரயில் வருவதற்கு முன்னால் டோலி தூக்கியவர்களின் பெயர்கள் இல்லை. உச்சியில் இன்றும் ஸ்ரீ அருளொளித் திருமுருகன் ஆலயம் நிற்கிறது. அக்காலச் சிப்பாய்களும் டோலி சுமந்தவர்களும் வழிபடத் தொடங்கிய இடம் அது என்று சொல்லப்படுகிறது. சுமை இறக்கியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கும்பிட்ட முருகன் இப்போது சுற்றுலா வழிகாட்டியில் வண்ணப் படமாக இருக்கிறார். மலாயாவின் இரயில் பாதைகளில் தமிழர் வியர்வை சிந்தினர் என்று மேடைதோறும் பேசுகிறோம். கைதட்டலும் வாங்குகிறோம். ஆனால் ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அதில் யார் என்ன வேலை செய்தார்கள், எங்கே குடியிருந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி எழுதியிருக்கிறோமா?

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, மலேசிய வரலாற்றில் நமக்கு உரிய பக்கம் பால்மரத் தோட்டத்தோடு முடிந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். இடைநிலைப்பள்ளிப் பாடநூலோ அந்தப் பக்கத்தையும் சில வரிகளில் முடித்துவிட்டது. யாரோ எழுதித் தரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் சில வரிகள் குறையும். நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, நாடகம் போடுகிறது, முகாம் நடத்துகிறது. ஓராண்டு முகாமைக் கொடிமலை அடிவாரத்தில் வைத்தால் என்ன? ஆயர் ஈத்தாமிலும் மலைமேலும் வாழும் முதியவர்களையும், இரயிலிலும் ஆலயத்திலும் பங்களாத் தோட்டங்களிலும் வேலை பார்த்தவர்களையும் சந்தித்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். கையில் ஒரு கைப்பேசி போதும். பினாங்கில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் வழிகாட்டினால் வேலை இன்னும் எளிது. சிவப்பு இரயில் வந்த 1977-இல் வேலைக்குச் சேர்ந்த இருபது வயது இளைஞர், இப்போது எழுபதை நெருங்கியோ கடந்தோ இருப்பார். இந்த வேலைக்கு நமக்கு நிறைய ஆண்டுகள் இல்லை.

2023-இல் கொடிமலை இரயிலுக்கு நூறாண்டு நிறைந்தது. இரண்டாம் நூறாண்டிலும் அது ஓடும். அதில் எனக்கு ஐயமில்லை. எதற்காக ஓடப்போகிறது என்பதில்தான் ஐயம். அடுத்த முறை நீங்கள் கொடிமலைக்குப் போகும்போது, உச்சி வரும் வரை கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். பாதி வழியில் இடமும் வலமும் பாருங்கள். ஒரு நிலையம் வரும். உங்கள் பெட்டி அங்கே நிற்காமல் போனால், ஏன் நிற்கவில்லை என்று இறங்கியதும் முகப்பிடத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் குறித்துக்கொள்வார்கள்.